17 அங்குலத்துக்கு அப்புறம் நூலைக் காணோம்: ஒரு ஷேடர் கம்பைலர், ஒரு லுங்கி

"மாப்ளே, இங்க வா. துணி பாதியிலேயே நின்னு போச்சு பாரு" என்று மாமா கூப்பிட்டார். கையில் அவருடைய போன். திரையில் நாங்கள் நிரல் எழுதி வரைந்த லுங்கி. இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கி வைத்திருந்தார். கீழ் இடது மூலையில் பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) மேலும் கீழுமாகப் பின்னியது நூல் நூலாகத் தெரிந்தது. அங்கிருந்து வலது பக்கம் தள்ளிக்கொண்டே போனால் நூல் முதலில் படிக்கட்டு மாதிரி உடைந்தது, அப்புறம் காணாமலே போனது. மிச்சம் வெறும் நிறம், சுவரில் பெயிண்ட் அடித்த மாதிரி. எந்த இடத்தில் நூல் போகிறது என்று கணக்குப் போட்டோம். ஓரத்திலிருந்து 17 அங்குலம்.

என் லேப்டாப்பில் அதே துணி, அதே நிரல், ஒரு குறையும் இல்லை.

நானும் மாமா பையனும் சேர்ந்து எழுதிய சின்ன ஷேடிங் மொழி கம்பைலர், அதாவது ஒரு மொழியில் எழுதிய நிரலை இன்னொன்றுக்கு மாற்றுகிற நிரல், எங்கே இடறியது, எதனால் இடறியது என்பதை எழுதி வைக்கிறேன். 17 அங்குலம் கடைசியில் வந்த தொல்லை. அதற்கு முன்னால் வந்தவை அதைவிடப் பெரியவை.

தறியும் தேவையும்

நகரி ஆந்திராவில் இருக்கிறது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நகரி இங்கேயே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. நாங்கள் பாவு, ஊடை என்பதைப் பக்கத்துத் தறியில் படுகு, பேக்க என்பார்கள். யாரும் யாருக்கும் மொழிபெயர்ப்பதில்லை. மாமா பையன் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவான். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பான்.

மாமாவுக்கு 12 விசைத்தறி, பெரும்பாலும் கட்டம் போட்ட லுங்கி. புது டிசைன் என்றால் பாவு ஓட்டி, அச்சில் கோர்த்து, ஒரு முழம் நெய்து, போட்டோ எடுத்து வியாபாரிக்கு அனுப்ப வேண்டும். அவர் "நீலத்தைக் கொஞ்சம் குறைங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் மறுபடி முதலிலிருந்து. மச்சான் அனிமேஷன் படித்தவன். பிளெண்டர் என்ற முப்பரிமாணப் பட மென்பொருளில் ஒரு துணி ஷேடர் எழுதி, நெய்யாமலேயே படம் காட்டினான். மாமாவுக்குப் பிடித்துப்போனது. பிடித்ததும் கேட்டார்: "இதை அவங்க போன்லயே திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரி பண்ண முடியாதா?"

ஷேடர் என்பது திரையின் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓடுகிற ஒரு குட்டி நிரல். இந்த இடத்தில் என்ன நிறம், வெளிச்சம் பட்டால் எப்படி மின்னும் என்று கேட்டால் பதில் சொல்லும். இதற்கென்று தனி மொழி வேண்டும் என்ற எண்ணம் பழையது. ரெண்டர்மேன் ஷேடிங் மொழியைப் பற்றிப் பேட் ஹன்ரஹானும் ஜிம் லாசனும் கட்டுரை வெளியிட்டது 1990இல். மச்சான் பயன்படுத்தியது அந்தப் பரம்பரையில் வந்த ஓபன் ஷேடிங் லாங்குவேஜ், சுருக்கமாக ஓஎஸ்எல். சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸில் லாரி கிரிட்ஸ் தலைமையில் உருவாகி, 2010இல் திறமூலமாக வெளிவந்தது. பிளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் (கணக்குப் போட்டுப் படத்தை வரைகிற பகுதி) 2012 டிசம்பரில் வந்த 2.65 பதிப்பிலிருந்து அது ஓடுகிறது. நெடுநாள் சிபியுவில் மட்டும். 2023இல் வந்த 3.5 பதிப்பில்தான் என்விடியாவின் ஆப்டிக்ஸ் என்ற மென்பொருள் வழியாக அவர்களுடைய ஜிபியு கார்டுக்கு, அதாவது படம் வரைகிற சில்லுக்கு, வந்தது. வியாபாரியின் போனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. போன் பிரவுசரில் ஓட வேண்டுமென்றால் பிரவுசருக்குள் ஜிபியுவை வைத்துப் படம் வரையும் வெப்ஜிஎல் 2, அதன் மொழி ஜிஎல்எஸ்எல் இஎஸ்.

ஆக வேலை இதுதான்: ஓஎஸ்எல் உள்ளே போக வேண்டும், ஜிஎல்எஸ்எல் வெளியே வர வேண்டும். கையால் ஒரு முறை மாற்றி எழுதியிருக்கலாமே என்று கேட்கலாம். ஒரு ஷேடர் என்றால் சரி. மச்சான் வாரத்துக்கு மூன்று எழுதுகிறவன்.

வீணாய்ப் போன மூன்று மாதம்

கம்பைலர் என்றதும் எனக்கு ஒரே ஆசை, பார்சர் எழுதுவது, அதாவது மூல நிரலை இலக்கணப்படி பிரித்துப் படிக்கும் பகுதி. கல்லூரியில் அதற்கான பிளெக்ஸ், பைசன் கருவிகள் எல்லாம் பாதி படித்து விட்டது. ஓஎஸ்எல் இலக்கணத்தை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று மாதம் இரவில் உட்கார்ந்தேன். ஸ்ட்ரக்ட் வந்தது, ஃபங்ஷன் ஓவர்லோடிங் வந்தது, மேக்ரோவுக்கு ஒரு முன்செயலி தேவைப்பட்டது. முடிகிற வழியைக் காணோம்.

ஒரு நாள் மச்சான் ஒரு கோப்பை நோட்பேடில் திறந்து காட்டினான். ஓஎஸ்எல்லோடு வருகிற ஓஎஸ்எல்சி என்ற கம்பைலர், மூல நிரலைப் படித்து ஓஎஸ்ஓ என்ற இடைநிலைக் கோப்பாக எழுதிவைக்கும். பிளெண்டர் அதைத்தான் வாங்கி, எல்எல்விஎம் என்ற கம்பைலர் தொகுப்பு மூலமாக இயந்திர நிரலாக்கி ஓட்டுகிறது. அந்த ஓஎஸ்ஓ வெறும் எழுத்துக் கோப்பு. மேலே மாறிகளின் பட்டியல், கீழே வரிக்கு ஒரு கட்டளை: இதைக் கூட்டு, அதைப் பெருக்கு, நிபந்தனை உண்மையானால் இந்த எண்ணுள்ள வரிக்குப் போ. இலக்கணம், வகைச் சரிபார்ப்பு எல்லாம் முடிந்துபோன விஷயம். இஃப், ஃபார் ஆகியவை தங்கள் அடைப்பு கலையாமல் இருப்பதால் ஜிஎல்எஸ்எல்லாகத் திருப்பி எழுதுவதும் சுலபம். மூன்று மாதப் பார்சரைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓஎஸ்ஓவைப் படிக்கும் நிரலை நான்கு நாளில் எழுதினோம். இன்னும் அந்தப் பார்சரை அழிக்க மனசு வரவில்லை, ஒரு ஃபோல்டரில் கிடக்கிறது.

ஓஎஸ்எல்லில் பரப்பு ஷேடர் நிறத்தைத் திருப்பித் தராது; குளோஷர் என்ற ஒன்றைத் தரும். இவ்வளவு பங்கு மங்கலாகச் சிதறல், இவ்வளவு பங்கு பளபளப்பு என்கிற விவரம் அதில் இருக்கும், விளக்கு எங்கே என்பதை ரெண்டரர் பார்த்துக்கொள்ளும். போனில் ஒரே விளக்குதான் வைத்தோம். அதனால் இரண்டு வகைக் குளோஷரை மட்டும் ஏற்று, மற்றதைப் பார்த்தால் பிழை என்று சொல்லி நின்றுவிடும்படி விட்டோம்.

பக்கத்துப் பிக்சலைக் கேட்காமல் துணி வரையமுடியாது

துணி ஷேடருக்கு இருக்கிற தலைவலி மரத்துக்கோ சுவருக்கோ இந்த அளவுக்கு இல்லை. 2 மீட்டர் நீள லுங்கி, அங்குலத்துக்கு 60 நூல் என்று வையுங்கள். நீளவாக்கில் ஏறக்குறைய 4,720 நூல். போன் திரை அகலம் 1,080 பிக்சல். லுங்கி முழுவதையும் திரையில் காட்டினால் ஒரு பிக்சலுக்குள் நாலு நூலுக்கு மேல் அடைபடுகிறது. அந்த நாலில் தற்செயலாக ஒன்றின் நிறத்தை எடுத்துப் போட்டால், கட்டத்தின் மேல் இல்லாத வளையங்களும் அலைகளும் வந்துவிடும். டிவியில் செய்தி வாசிப்பவர் கோடு போட்ட சட்டை போட்டால் நெளியுமே, அதே சங்கதி.

தப்பிக்க வழி ஒன்றுதான். இந்தப் பிக்சல் எவ்வளவு துணியை மூடுகிறது என்று தெரிந்துகொண்டு, அந்த அகலத்துக்குச் சராசரி எடுக்க வேண்டும். அகலம் தெரிய, ஒரு பிக்சல் தள்ளிப்போனால் துணியின் ஆயம் (துணியில் இடத்தைச் சொல்லும் எண்) எவ்வளவு மாறுகிறது என்று தெரிய வேண்டும். பள்ளிக்கூடத்தில் வகைக்கெழு என்று படித்ததுதான். ஓஎஸ்எல், ஜிஎல்எஸ்எல் இரண்டிலும் இதற்கு ஆயத்தமாக ஃபங்ஷன் உண்டு. பெயர் வேறு, வேலை ஒன்று என்று நினைத்து ஒன்றுக்கு ஒன்று மாற்றி எழுதினேன். எல்லாக் கோளாறும் இந்த நினைப்பில்தான் ஆரம்பித்தது.

ஜிபியுவின் வழி குறுக்குவழி. பிக்சல்களை 2க்கு 2 என்று நான்கு நான்காகச் சேர்த்து ஓட்டுகிறது. வகைக்கெழு கேட்டால், பக்கத்துப் பிக்சலிடம் இருக்கிற மதிப்பை எடுத்துக் கழித்துக் கொடுத்துவிடும். வேகமானது, மலிவானது. ஆனால் பக்கத்துப் பிக்சல் அதே வரியை ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். அது இஃப் நிபந்தனைக்கு வெளியே நின்றுவிட்டால் அதனிடம் இருப்பது பழைய குப்பை. இப்படிப்பட்ட இடத்தில் விடை வரையறுக்கப்படவில்லை என்று ஜிஎல்எஸ்எல் விதியே கைகழுவி விடுகிறது.

ஓஎஸ்எல் வழி வேறு. ஒவ்வொரு எண்ணும் கூடவே இரண்டு வால்களைச் சுமந்து வருகிறது: கிடையாக நகர்ந்தால் மாற்றம் எவ்வளவு, நெட்டாக நகர்ந்தால் எவ்வளவு. இரண்டு எண்களைப் பெருக்கினால் வால்களும் பெருக்கல் விதிப்படி கணக்காகும். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. எந்த இஃப் உள்ளே கேட்டாலும் விடை சரியாகத்தான் வரும்.

முதல் அடி கரையில் விழுந்தது. லுங்கியின் கரையில் ஜரிகை மாதிரி ஒரு பட்டை. அது ஆரம்பிக்கிற கோட்டில் வெள்ளைப் புள்ளிகள் மினுக்கின. போனைத் திருப்பினால் புள்ளிகள் ஓடின. மாமா முதலில் ரசித்தார், "ஜரிகை மின்னுது" என்றார். மச்சான்தான் "நைனா, அது ஜரிகை இல்ல, தப்பு" என்றான்.

மூல நிரலைப் பார்த்தால் அகலக் கணக்கு இஃப்புக்கு மேலேதான் இருந்தது, நியாயமாகத்தான் எழுதியிருந்தான். இஃப்புக்குள் கொண்டுபோய்ப் போட்டது என் கம்பைலர். சில வாரம் முன்பு பெருமையாக ஒரு மேம்படுத்தல் சேர்த்திருந்தேன்: ஒரு மதிப்பு ஒரு கிளைக்குள் மட்டும் பயன்பட்டால், அந்தக் கணக்கையும் அந்தக் கிளைக்குள்ளேயே இறக்கிவிடு, மற்ற பிக்சலுக்கு வேலை மிச்சம். சாதாரண கம்பைலரில் இது குற்றமே இல்லாத காரியம். ஷேடரில், பக்கத்துப் பிக்சலைப் பார்க்கிற கட்டளையைக் கிளைக்குள் இறக்கினால் அந்தப் பக்கத்துக்காரர் வெளியே நின்றுவிடுகிறார். எல்எல்விஎம்மில் இதற்கென்றே கன்வர்ஜென்ட் என்று ஒரு குறி இருக்கிறது. அந்தக் குறியுள்ள கட்டளையைப் புதிதாக எந்த நிபந்தனைக்குள்ளும் தள்ளக்கூடாது. இது தெரியாமல் பல வருடம் கம்பைலர் பற்றிப் பேசித் திரிந்திருக்கிறேன்.

அதே மாதிரி ஒரு குறி வைத்தேன், புள்ளிகள் போயின. ஒரு வாரம் நிம்மதி. அடுத்த ஷேடரில் மச்சான் அகலக் கணக்கை அவனே இஃப்புக்குள் எழுதியிருந்தான். ஓஎஸ்எல்லில் அது முழுக்கச் சட்டப்படியானது. "வெளியே எழுது" என்றேன். "பிளெண்டரில் சரியா வருதே, உன் கம்பைலருக்காக நான் ஏன் மாத்தணும்?" என்றான். சண்டை போட ஒன்றுமில்லை, அவன் சொன்னது சரி.

ஆகவே குறுக்குவழியை விட்டுவிட்டு ஓஎஸ்எல் போகிற வழியிலேயே போக முடிவெடுத்தோம். நிரலின் முதல் வரியில், எந்தக் கிளைக்கும் முன்னால், துணி ஆயத்தின் வகைக்கெழுவை ஜிபியுவிடம் ஒரே முறை கேட்கிறோம். அப்புறம் அதைக் கேட்பதே இல்லை. அங்கிருந்து ஒவ்வொரு கணக்கோடும் வால்களை நாமே ஜிஎல்எஸ்எல்லில் எழுதி இழுத்துக்கொண்டு போகிறோம். எல்லா மாறிக்கும் வால் கட்டினால் வேலை மூன்று மடங்காகும், போன் சூடாகும். யாருக்கு வால் தேவை என்று கண்டுபிடிக்க நிரலைக் கீழிருந்து மேலாக நடக்க வேண்டும். அகலம் கேட்கிற கட்டளைக்குள் போகும் மாறிக்கு வால் வேண்டும். அந்த மாறியை உண்டாக்கிய மாறிகளுக்கும் வேண்டும். இப்படியே மேலே மேலே. எந்தக் கட்டளையின் எந்த உள்ளீட்டுக்கு வகைக்கெழு தேவை என்பதை ஓஎஸ்எல்சி ஏற்கனவே ஓஎஸ்ஓ கோப்பின் ஓரத்தில் குறிப்பாக எழுதி வைத்திருந்தது. அதை இத்தனை நாளும் தேவையில்லாத கிறுக்கல் என்று நினைத்துத் தாண்டிப் படித்திருக்கிறோம். லுங்கி ஷேடரில் கடைசியில் வால் தேவைப்பட்டவை கைவிரலில் எண்ணக்கூடிய மாறிகள்தான்.

எதிர்பார்க்காத ஒரு லாபமும் கிடைத்தது. நூலின் வடிவத்துக்கு ஆயத்தின் பின்னப் பகுதியை மட்டும் எடுப்போம்: 0.98, 0.99, அடுத்தது சட்டென்று 0.01. ஜிபியு கழித்துப் பார்த்தால் அந்தத் தாவல் பெரிய மாற்றமாகத் தெரிந்து, ஒவ்வொரு நூல் விளிம்பிலும் மெல்லிய கோடு விழும். வால் முறையில் முழு எண் பகுதியின் வகைக்கெழு பூஜ்யம், ஆகவே தாவல் கணக்கிலேயே வராது. இதுநாள்வரை "நூலுக்கு நடுவில் நிழல்" என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்த கோடுகள் ஒரே நாளில் மறைந்தன.

கறுப்புப் புள்ளி

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். ஓஎஸ்எல்லில் பூஜ்யத்தால் வகுத்தால் விடை பூஜ்யம். எதிர்மறை எண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டாலும் பூஜ்யம். அர்த்தமற்ற எண் உருவாகி ஒரு படம் முழுதும் பாழாகக் கூடாது என்று மொழியே பாதுகாப்பாக வகுத்து வைத்தது. ஜிஎல்எஸ்எல்லில் அந்தத் தயவு கிடையாது. நூல் தட்டையாகப் படுகிற இடத்தில் ஒரு நீளமில்லாத திசையன் வந்து, சில போன்களில் அங்கே கறுப்புப் பொட்டு விழுந்தது. வகுத்தல், வர்க்கமூலம், திசையனை ஓரலகாக்குவது மூன்றுக்கும் பாதுகாப்பான ஃபங்ஷன்களை எழுதி, கம்பைலர் எப்போதும் அதையே கூப்பிடும்படி செய்தோம்.

அந்த 17 அங்குலம்

இனி மாமாவின் கண்டுபிடிப்பு. இரண்டு நாள் வால் கணக்கில்தான் தப்பு என்று தேடினோம். துணியின் ஆயத்தை மேல் வலது மூலையிலிருந்து எண்ணும்படி மச்சான் மாற்றிப் பார்த்தான். இப்போது மேல் வலது மூலையில் நூல் இருந்தது, கீழ் இடதில் இல்லை. எங்கே எண்ணிக்கை தொடங்குகிறதோ அங்கே நன்றாக இருக்கிறது, எண் பெரிதாகப் பெரிதாகக் கெடுகிறது. அதற்கு மேல் தேட வேண்டியிருக்கவில்லை.

ஜிஎல்எஸ்எல் இஎஸ் பிக்சல் ஷேடரில் தசம எண்ணின் துல்லியத்தை நாமே சொல்ல வேண்டும். எங்கேயோ பார்த்துப் பழகிய கையால் நான் கம்பைலரின் முதல் வெளியீட்டு வரியில் மீடியம்பி என்று எழுதி வைத்திருந்தேன், நடுத்தரத் துல்லியம். லேப்டாப்பில் அந்த வார்த்தையை ஜிபியு கண்டுகொள்ளாது, 32 பிட்டிலேயே கணக்குப் போடும். மாமாவின் போன் சொன்னபடி கேட்டு 16 பிட்டில் போட்டது.

16 பிட் தசம எண்ணில் 1க்கும் 2க்கும் நடுவில் 1,024 படிகள். எண் இரட்டிக்க இரட்டிக்கப் படியின் உயரமும் இரட்டிக்கும். எங்கள் ஆயம் ஓரத்திலிருந்து எத்தனையாவது நூல் என்கிற எண்; அது 512ஐத் தாண்டினால் ஒரு நூலுக்குள் இரண்டே படி. 1,024ஐத் தாண்டினால் முழு எண் மட்டும்தான், பின்னப் பகுதி என்று ஒன்றே கிடையாது. நூலின் வடிவமே அந்தப் பின்னத்தில்தான் இருக்கிறது. 1,024ஐ 60ஆல் வகுத்தால் 17 அங்குலம். அகலவாக்கிலும் அதே 60 என்பதால் அந்தப் பக்கமும் அதே கதை.

மீடியம்பியை ஹைபியாக மாற்றியதும் நூல் திரும்பி வந்தது. வெப்ஜிஎல் 2 உள்ள போனில் ஹைபி இருந்தே தீர வேண்டும் என்பது விதி, ஆகவே அச்சமில்லை. ஒரு வார்த்தைத் திருத்தம், இரண்டு நாள் தேடல். நாங்கள் முன்பே பிடித்திருக்க வேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் ஷேடர் எப்படியும் சராசரிதான் எடுக்கிறது, குறை தெரியாது. கிட்டே போனால்தான் தெரியும். நாங்கள் சோதித்தது எல்லாம் முழு லுங்கியை வைத்து. துணி வியாபாரத்தில் எவனாவது முழுத் துணியைப் பார்த்து முடிவு செய்வானா? ஓரத்தைப் பிடித்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோவான்.

அதற்கப்புறம் சோதனை முறையை மாற்றினோம். ஒவ்வொரு ஷேடருக்கும் பிளெண்டர் சிபியுவில் ஒரு படம், போனில் ஒரு படம், இரண்டையும் கழித்துப் பார்ப்பது. முழுத் துணி ஒன்று, நாலு மூலையும் கிட்டத்தில் நாலு. போன்கள் வீட்டில் இருப்பவையே: அத்தையின் பழைய போன், மாமாவுடையது, தறியில் வேலை செய்கிறவர் ஒருவருடையது. அந்தப் பழைய போன்தான் அதிகப் பிழையைக் காட்டிக் கொடுத்தது.

இப்போது எந்த நிலையில்

புதிதாக ஆரம்பிப்பவருக்கு நான் இதே வழியைச் சொல்ல மாட்டேன். மெட்டீரியல்எக்ஸ் என்று ஒன்று திறமூலமாக இருக்கிறது. கணுக்களை இணைத்து வடிவமைத்தால் அதிலிருந்தே ஓஎஸ்எல்லும் ஜிஎல்எஸ்எல்லும் எழுதிக் கொடுக்கும். எங்களிடம் ஏற்கனவே கையால் எழுதிய ஓஎஸ்எல் ஷேடர்கள் குவிந்து கிடந்ததால்தான் இந்தப் பக்கம் வந்தோம். எங்கள் கம்பைலரில் இன்னும் படக் கோப்பைப் படிக்கும் கட்டளை வேலை செய்யாது, ஒழுங்கில்லாத தோற்றம் தருகிற ஓஎஸ்எல்லின் நாய்ஸ் ஃபங்ஷன்கள் எல்லாமும் இல்லை, ஒன்றுக்கு மேற்பட்ட ஷேடரை அடுக்கடுக்காக இணைப்பதும் இல்லை. கட்டம், கோடு, கரை இவற்றுக்குப் போதும். மாமா இப்போது பாவு ஓட்டுவதற்கு முன்னால் சுட்டியை அனுப்பிவிடுகிறார், நிறத்தை வியாபாரியே இழுத்து மாற்றிப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டார். ஒரு கையில் போன், மறு கையில் நூல் எண்ணும் கண்ணாடி, மேஜை மேல் நெய்து இறக்கிய துணி. போனில் அங்குலத்துக்கு 60, துணியில் எண்ணினால் 63. நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு லேப்டாப்பைத் திறக்கப் போனோம். மாமா சிரித்தார். "அச்சுல 60தான் மாப்ளே. தறியிலிருந்து இறக்கினா துணி சுருங்கும். அதை உன் மிஷின்ல போடலையா?"

போடவில்லை. ஷேடரில் சுருக்கம் என்று ஒரு உள்ளீடு சேர்த்து, மச்சான் அன்று இரவே அனுப்பிவிட்டான். கம்பைலரில் ஒரு வரி மாறவில்லை.